பின்னட்டையில் ஒரு பிடி மண்

வலது கை தூரிகையால் அட்டையின் நடுவில் பசையை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தது. இடது கை சல்லடையைத் தயாராகத் தூக்கிப் பிடித்திருந்தது. பசை மேலே ஆடை கட்டுவதற்குள் மண் விழ வேண்டும். முந்தினால் மண் மூழ்கிவிடும், பிந்தினால் ஒட்டாது. தூரிகை கீழே போனது. சல்லடையின் விளிம்பை நடுவிரல் தட்டத் தட்ட, சிவப்பு மண் மாவு போல இறங்கிப் பசையின் வெள்ளையை மூடியது. பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து அட்டையை நிமிர்த்தி, மேசையில் ஒரு தட்டுத் தட்டின. ஒட்டாத மண் செய்தித்தாளில் கொட்டியது. இன்னொரு தட்டு. விரல் நுனி ஒன்று மண்மேல் லேசாக ஓடித் திரும்பிக் கண்ணுக்கு நேரே வந்தது. அதில் நாலைந்து துகள்கள் ஒட்டியிருந்தன.

கைகளுக்குச் சொந்தக்காரி முகத்தைச் சுளித்தாள். அவள் வேலையில் எதுவும் உதிரக் கூடாது.

தெருவில் அவளுக்குக் கோந்தம்மா என்று பெயர். புத்தகம் தைப்பதும் அட்டை கட்டுவதும் தொழில். சிறு வயதில் ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கப் போனவள். தைக்கச் சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பழுது பார்க்க வந்த பழைய புத்தகங்களைப் பிரிக்கும்போது, முன்பு தைத்தவர் நூலை எங்கே நுழைத்து எங்கே முடிந்திருக்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தப்பாகத் தைத்த புத்தகங்கள்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தன என்பாள். அவள் கட்டிய அகராதி ஒன்று நூலக மாடிப் படியில் உருண்டு கீழ்ப்படி வரைக்கும் வந்ததாம். தாள் ஒன்றுகூடக் கழலவில்லை என்று நூலகச் சிப்பந்தி அதைக் கையில் தூக்கிக்கொண்டுவந்தே காட்டிவிட்டுப் போனார்.

"இவ ஒட்டினா எமன் வந்தாலும் பிரிக்க முடியாது" என்பார் அவள் கணவர். "என்னையே பாருங்களேன். எங்கயாவது அசைய முடியுதா?" அட்டை வெட்டும் இயந்திரம் அவர் பொறுப்பு. வெட்டும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேச்சு.

முன்னறையில் கடை, பின்னறையில் வீடு. அந்தப் பின்னறையில்தான் தங்கை இருந்தாள்.

தங்கை பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். கண் நரம்பில் வந்த நோய் ஓரங்களிலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே நடுவுக்கு வந்தது. கரும்பலகையில் தான் எழுதியது தனக்கே தெரியாமல் போன நாளில் வேலையை விட்டுவிட்டு அக்காள் வீட்டுக்கு வந்தாள். கோந்தம்மா அவளைக் கண்ணை இமை காப்பது போலக் காத்தாள். காத்த விதம் அவளுடைய தொழிலில் இருந்து வந்தது: வீட்டில் நகரக்கூடிய எல்லாவற்றையும் நகராமல் செய்துவிட்டாள். தண்ணீர்க் குடம் ஒரு மர வளையத்துக்குள் உட்கார்ந்தது. கதவு, பாதியில் நிற்காதபடி கொக்கி போட்டு மாட்டப்பட்டது. தங்கையின் நாற்காலிக்கு நான்கு கால்களிலும் தரையோடு சேர்த்து ஆணி.

"நாற்காலிய ஆணி அடிச்சு வச்சிருக்கிற வீடு உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்பாள் தங்கை. "ஒரு நாள் என்னையும் அடிச்சிரு. வேலை முடிஞ்சிரும்."

"வாய மட்டும் ஒட்டாம விட்டுட்டேன்டி. அது என் தப்பு."

தங்கை சும்மா இருக்கவில்லை. பயிற்சி மையத்துக்குப் போய், விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளி எழுத்து படித்தாள். கோலூன்றித் தனியாக நடக்கப் படித்தாள். பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே ஆங்கில ஆசிரியை வேலை காலியாக இருந்தது. வேலையோடு வளாகத்துக்குள்ளேயே ஓர் அறையும் உண்டு. எழுதிப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை வந்து மாதிரி வகுப்பு ஒன்று எடுக்கும்படி தலைமையாசிரியை தொலைபேசியில் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை: துணைக்கு ஆள் கூட்டிவரக் கூடாது. "எங்க பிள்ளைங்க ஒவ்வொருத்தரும் ஒருநாள் இந்த வாசல்ல இருந்து தனியா வெளியே போகணும். தனியா உள்ளே வர்ற டீச்சர்தான் எனக்கு வேணும்."

அந்த வேலை தங்கைக்கு வேண்டும். உயிரைப் போல வேண்டும். கோந்தம்மாவுக்கு அது தெரியும். தங்கை போய்விட்டால் தெரு முனையில் மாடு நிற்கும், பள்ளம் தோண்டியிருப்பார்கள், பேருந்தின் படி உயரமாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"வேலை சரி. வெள்ளிக்கிழமை நானும் வந்து பள்ளிக்கூட வாசல்ல உக்காந்திருப்பேன். ஆனா அங்கேயே எதுக்குத் தங்கணும்? நான் தினம் கொண்டுவந்து விட்டுக் கூட்டிட்டு வரேன்."

"கடைய யாரு பாப்பா?"

"உங்க மாமா."

"அப்ப கடை போச்சு" என்றார் மாமா, இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து.

மாதிரி வகுப்பில் தங்கை நடத்தவிருந்த பாடத்துக்காகத்தான் அந்த மண் ஒட்டும் வேலை. பூமியைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசும்போது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வரும் என்பது பாடம்.

"இங்கிலீஷ்ல வார்த்தை தனியா வெளியே கிளம்பாதுக்கா. ஜோடியாத்தான் போகும். மண்ணு, சாயில்னா ரிச் சாயில், புவர் சாயில், டிரை சாயில், லூஸ் சாயில். கிரவுண்டுன்னா சாலிட் கிரவுண்ட். எர்த்துன்னா எர்த்ஸ் சர்ஃபேஸ், எர்த்ஸ் கிரஸ்ட். ஒண்ணோட துணைய இன்னொண்ணுக்குக் கட்டி வச்சா அர்த்தம் புரியும். ஆனா கேக்கிறவன் சிரிப்பான்."

"மண்ணுலகூடவா பணக்காரன், ஏழை?" என்றார் மாமா.

"நாம மட்டும் என்னவாம்? மழை கொட்டும், வெயில் கொளுத்தும், காத்து வீசும். வெயில் கொட்டுதுன்னு தெருவுல சொல்லிப் பாருங்க மாமா. பிடிச்சு டாக்டர்கிட்ட விட்டுருவாங்க."

பார்வை உள்ள பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டிவிடலாம். இவர்களுக்குக் காது மட்டும்தான் என்றால் கிளி மாதிரி ஒப்பிப்பார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் அந்த மண், கீழே புள்ளி எழுத்தில் அந்தச் சொற்கள். அப்படி ஒரு புத்தகம் செய்து தர முடியுமா என்று அக்காளைக் கேட்டாள்.

கோந்தம்மா இதுவரைக்கும் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. அந்தப் பழக்கம்தான் பதில் சொன்னது. "அளவு சொல்லு" என்றாள்.

மாமா தகர டப்பாக்களோடு கிளம்பினார். வீடு கட்டத் தோண்டிய குழியிலிருந்து களிமண், ஆற்றோரத்திலிருந்து மணல், தோட்டத்திலிருந்து செம்மண், செடி விற்கும் இடத்திலிருந்து மட்கிய கறுப்பு மண், ஒன்றும் முளைக்காத காலி மனையிலிருந்து வெளுத்த மண் என்று கொண்டுவந்து சேர்த்தார். ஈரமும் பூச்சியும் இருந்தால் அட்டையைத் தின்றுவிடும். கோந்தம்மா எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தாள்.

"என்ன கோந்தம்மா, இன்னிக்கு மண் வறுவலா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுத் தையல்காரி.

"ஆமா. வந்து உப்பு பாத்துச் சொல்லுங்க."

"ஊர்ல எல்லாரும் பொழப்புல மண்ணு விழுந்துருச்சுன்னு அழுவாங்க" என்றார் மாமா. "இந்த வீட்டுல மண்ணு விழுந்தாத்தான் பொழப்பே."

புள்ளி எழுத்துகளைத் தங்கையே குத்திக் கொடுத்தாள். முதல் துண்டுத்தாளை ஒட்டிவிட்டு, வழக்கம் போல அழுத்துப் பொறியில் வைத்துச் சக்கரத்தை இறுக்கினாள் கோந்தம்மா. வெளியே எடுத்தபோது புள்ளிகள் எல்லாம் தட்டையாகிப் போயிருந்தன. "ரிச் சாயில நசுக்கிட்டியா? நாலு பேரு கண்ணு பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தங்கை மறுபடி குத்தினாள். அதன் பிறகு கோந்தம்மா துண்டுகளின் ஓரத்தை மட்டும் நகத்தால் அழுத்தி ஒட்டினாள். மண் ஏறிய பக்கங்கள் தடித்துப் புத்தகம் வாய் பிளந்து நிற்காமலிருக்க, முதுகுப் பக்கத்தில் பக்கத்துக்கு ஒரு பட்டை அட்டை வைத்து உயரத்தைச் சமன் செய்தாள்.

எர்த்ஸ் கிரஸ்ட் பக்கத்துக்குத் தங்கை முட்டை ஓடு கேட்டாள். பூமிக்கு மேலோடு அவ்வளவு மெல்லிசு என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். சாலிட் கிரவுண்டுக்குச் சிமெண்டைக் கனமாகப் பூசினார்கள். ப்ளூ பிளானட் என்ற ஜோடிக்கு வந்தபோது கோந்தம்மா தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீலத்த எப்படிடி தொடவைப்பேன்? இது வேணாம், எடுத்துரு."

"எடுக்கக் கூடாதுக்கா. எல்லாரும் சொல்ற ஜோடி, அவங்களும் சொல்லணும். கரண்ட்டுன்னு சொல்றோமே, பாத்துட்டா சொல்றோம்? பாதிப் பந்து ஒண்ணு செய். கடலுக்கு வழவழன்னு துணி, நிலத்துக்கு மண்ணு. கடல் எவ்வளவு பெரிசுன்னு கை தெரிஞ்சுக்கட்டும்."

காகிதக் கூழில் மேடாக ஒரு பாதிப் பந்து செய்து காயவைத்தாள் கோந்தம்மா. துணி எந்த நிறமாக இருந்தாலும் விரலுக்கு ஒன்றுதான். ஆனாலும் பரணைக் குடைந்து, கம்பி உடைந்த பழைய நீலக் குடையைத் தேடி எடுத்து, அதன் துணியை வெட்டி ஒட்டினாள். தங்கைக்கு நீலம் ஞாபகம் இருக்கும்.

புதன்கிழமை மதியம் புத்தகம் முடிந்தது. தைத்த பக்கங்களை இறுக்கி, துணி ஒட்டிய அட்டையைக் கட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். துகள்கூட உதிரவில்லை. உதிராது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மண் காய்ந்த பிறகு, வெள்ளைப் பசையைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்திருந்தாள். யாரும் கேட்காத பூச்சு. புத்தகத்தைத் தங்கையின் மடியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே எதிரே நின்றாள்.

தங்கை முதல் பக்கத்தைத் தடவினாள். எழுத்தைப் படித்தாள். அடுத்த பக்கம். அதற்கடுத்தது. ஒரு பக்கத்தில் விரல்கள் நின்றன. கீழே எழுத்துக்குப் போயின, மேலே மண்ணுக்கு வந்தன, மறுபடி எழுத்துக்குப் போயின.

"அக்கா, இது லூஸ் சாயில்தான?"

"ஆமா. உதிரி மண்ணு. ஆத்தோர மணலோட தோட்டத்து மண்ணக் கலந்து போட்டேன். எவ்வளவு நல்லாப் பிடிச்சிருக்கு பாரு."

"பிடிச்சிருக்கு. செவுரு மாதிரி பிடிச்சிருக்கு." தங்கை நகத்தால் சுரண்டினாள். ஒன்றும் வரவில்லை. "உதிரி மண்ணுன்னு எழுதி வச்சிட்டு, ஒரு பருக்கைகூட உதிராம ஒட்டி வச்சிருக்கியே. மேல என்ன பூசின?"

"பூசாம விட்டா கொட்டும்டி."

"கொட்டட்டும்."

"கொட்டட்டுமா? நாப்பது பிள்ளைங்க கை படப்போகுது. ஒரு வாரத்துல மொட்டை அட்டைதான் மிஞ்சும். கோந்தம்மா கட்டின புத்தகம் உதிருதுன்னு நாளைக்கு எவளாவது சொல்லட்டும்னு பாக்குறியா?"

"இது கோந்தம்மா புத்தகம் இல்லக்கா. என் பாடம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. ரிச் சாயிலும் வழவழங்குது, புவர் சாயிலும் வழவழங்குது. இத எடுத்துட்டுப் போய் லூஸ்னா இதுதான்னு ஒரு பிள்ளை கையில குடுத்தா, அது வாழ்நாள் முழுக்க லூஸ்னா செவுருன்னு நெனச்சுக்கும். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பக்கத்துல உக்காந்து தொட்டுப் பாப்பாங்க. என்ன சொல்றது அவங்ககிட்ட? எங்கக்காவுக்கு எதுவும் உதிர்ந்தா பிடிக்காதுன்னா?"

"உனக்குப் போகணும்னு அவசரம். குத்தம் கண்டுபிடிக்கிற."

"போகணும்தான். அவசரம்தான்." தங்கை நாற்காலியின் கையைத் தட்டினாள். "இந்த நாற்காலியில எத்தன நாளைக்கு உக்காந்திருப்பேன்? நகத்தக்கூட முடியல."

மாமா இயந்திரத்தை நிறுத்தினார்.

கோந்தம்மா புத்தகத்தைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். தங்கை மேல் கோபம், கண்ணைத் தின்ற நோய் மேல் கோபம். தன் வேலையில் குறை என்று கேட்டுப் பழக்கமில்லாத கோபமும் சேர்ந்துகொண்டது. அட்டை காய்ந்ததா, உள்ளே ஈரம் நிற்கிறதா என்று பார்க்க அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு: அட்டையைத் தூக்கிக் கன்னத்தில் வைப்பாள். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரிந்துவிடும். எத்தனையோ வருஷத்துப் பழக்கம் கையைத் தானாக ஓட்டியது. கறுப்பு மண் பக்கத்தைக் கன்னத்தில் வைத்தாள். ஈரமில்லை. லேசான குளிர்ச்சி, வழவழப்பு. மணல் பக்கத்தை வைத்தாள். அதே குளிர்ச்சி. களிமண் பக்கம், வெளுத்த மண் பக்கம். மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தாள்.

எல்லாம் காய்ந்த பசை. மண்ணே இல்லை.

அவள் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு கத்தியை எடுத்து, தான் போட்ட தையலைத் தானே அறுத்தாள். முடிச்சு லேசில் விடவில்லை. மாமா பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "இதப் பிரிக்கிறதுக்கு எமன் வரலாம்னு நெனச்சேன். நீயே வந்துட்ட" என்றார்.

"பேசாம புது அட்டை வெட்டுங்க. அதே அளவு."

வியாழக்கிழமை முழுக்கக் கடையின் முன்கதவு பாதி சாத்தியே இருந்தது. சுலபமாகச் செய்யக்கூடியது பசையைக் குறைப்பதுதான். அடியில் மட்டும் பசை, மேலே ஒன்றுமில்லை. கறுப்பு மண் இப்போது மிருதுவாகக் கையில் கொஞ்சம் கறுப்பாக ஒட்டியது. வெளுத்த மண் நறநறத்தது. காய்ந்த களிமண்ணைப் பாளமாகவே ஒட்டி, நடுவில் வெடிக்கவிட்டாள். அந்த வெடிப்புக்குள் ஒரு விரல் நுழையும். தட்டிப் பார்த்தபோது ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கை தூரிகைக்குப் போய், போன வழியே திரும்பி வந்தது.

லூஸ் சாயில் பக்கத்தை மட்டும் எந்தப் பசையாலும் செய்ய முடியவில்லை. எவ்வளவு குறைத்தாலும் ஒட்டியது ஒட்டியதுதான். தையல் முடிக்கிற நேரத்தில்தான் அவளுக்கு வழி தோன்றியது. பக்கமாகச் செய்ய முடியாததைப் பெட்டியாகச் செய்யலாமே. பின்னட்டைக்கு மூன்று அட்டைகளை ஒன்றாக ஒட்டித் தடிமனாக்கினாள். மேலிரண்டிலும் நடுவை வெட்டி எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டுக் கிடைத்தது. அதன்மேல் துணி மூடி, மூடிக்கு ஒரு நாடா. தட்டுக்குள் ஒரு பிடி மண்ணைப் போட்டாள். பசை கிடையாது. மண் அங்குமிங்கும் ஓடியது. அவள் வாழ்நாளில் கட்டிய புத்தகங்களில், உள்ளே ஒன்று ஒட்டாமல் கிடந்த புத்தகம் அதுதான்.

அந்தத் தட்டு இப்போதும் விடுமுறைக்கு விடுமுறை தங்கையோடு சேர்ந்து காலியாகத் திரும்பிவருகிறது. பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறார்களாம். ஒருவன் மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மி, வகுப்பு முழுக்க மண்ணாக்கிவிட்டதாகத் தங்கை சொன்னாள். பெருக்கி அள்ளும்போது அவர்களே லூஸ் சாயில், லூஸ் சாயில் என்று கத்தினார்களாம். கோந்தம்மா முணுமுணுத்துக்கொண்டே டப்பாவைத் திறந்து இன்னொரு பிடி போட்டு அனுப்புகிறாள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

தங்கை குளித்துத் தயாராகி, கோலைக் கையில் வைத்துக்கொண்டு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் திடுக்கிட்டாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"மாமா, ஆணிய எப்பப் பிடுங்கினீங்க?"

"நான் தொடலம்மா. விடியக்காலையில குறடு சத்தம் கேட்டுச்சு. எலின்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன்."

கோந்தம்மா முன்னறையிலிருந்து வந்தாள். வெளியே போகிற உடையில் இல்லை. பசைக் கறை படிந்த வேலை உடையில்தான் இருந்தாள். தங்கை அந்தப் பசை வாடையை முகர்ந்தாள்.

"நீ கிளம்பலையாக்கா? பள்ளிக்கூட வாசல்ல உக்காந்திருப்பேன்னு சொன்ன?"

"வக்கீல் ஆபீஸ் வேலை ரெண்டு நாளா அப்படியே கிடக்கு. எனக்கு ஏதுடி நேரம்?"

கையில், புத்தக அட்டைக்கு ஒட்டும் காலிகோ துணியில் தைத்த ஒரு பை இருந்தது. புத்தகத்தின் அளவுக்கு அளவாக வெட்டியது. சாதாரணமாக அவள் புத்தகத்தைத் தாளில் சுற்றிக் கையில்தான் கொடுப்பாள். இந்தப் பைக்கு நீளமான ஒரு பட்டை வைத்து, இரட்டைத் தையல் போட்டிருந்தாள். தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் காலியாக இருக்கும். ஒன்று கோலுக்கு, ஒன்று பேருந்தின் கம்பிக்கு.

தங்கை பையின் பட்டையை நுனி முதல் நுனி வரைக்கும் விரலால் அளந்து பார்த்தாள். புரிந்துகொண்டாள். கோலை ஊன்றி எழுந்தாள்.

"நில்லு. நேரா நில்லு." கோந்தம்மா பட்டையைத் தங்கையின் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து தோளில் போட்டாள். புத்தகம் இடுப்போரம் வந்து உட்கார்ந்தது. தங்கை ஓர் அடி எடுத்து வைத்தாள். பின்னட்டைக்குள் மண் சரிந்து, சலசலவென்று சத்தம் கேட்டது.

தங்கை நின்றாள். "அக்கா, உள்ள கொட்டுது."

"கொட்டும்" என்றாள் கோந்தம்மா, பட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு. "எடுத்துட்டுப் போ."